மூட்டை மண்ணில் சாய்ந்த மிளகாய் நாற்று: தவறு விதையிலா, மண்ணிலா?

கேள்வி, 6 ஜூன் 2024

காட்பாடியில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் 10 கிலோ கலவை மண் மூட்டை ஒன்றை வாங்கி, 98 குழிகள் கொண்ட தட்டில் நிரப்பி, 60 மிளகாய் விதைகளையும் 38 தக்காளி விதைகளையும் ஊன்றினேன். மிளகாயில் 11 மட்டுமே முளைத்தன. அவற்றிலும் 7 நாற்றுகள் ஒரே வாரத்தில் அடித்தண்டு கருத்துச் சாய்ந்துவிட்டன. தக்காளி ஓரளவு வந்தது, ஆனால் முளையில் முதலில் விரியும் வித்திலைக்கு மேல் வளராமல் வெளிறி நிற்கிறது. மூட்டையின் மேல் 'எல்லாச் சத்துகளும் நிறைந்தது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். தவறு விதையிலா, மண்ணிலா, என்னிடமா?

7 ஜூன் 2024

விதையின் மேல் பழி போடாதீர்கள். மண்தான் காரணம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என் சொந்த நட்டமே ஆதாரம். 2023 தை மாதத்தில் அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி விதை கொஞ்சம் கிடைத்தது. அடுத்த மாதமே அந்தக் கத்தரிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டதால், கையில் இருப்பது ஏதோ பரம்பரைச் சொத்து என்ற நினைப்பில், வீட்டு மண்ணை நம்பாமல் கடையில் 5 கிலோ கலவை மண் வாங்கித் தட்டை நிரப்பினேன். 98 குழிகளில் 31 மட்டுமே முளைத்தன. மீந்த விதையை, விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் இருந்த பழைய செம்மண்ணில் கை போன போக்கில் தூவியிருந்தேன். அது புல் முளைத்ததுபோல் நெருக்கமாக வந்தது. விதை ஒன்றே, வீடு ஒன்றே, மண் மட்டுமே வேறு.

கோபத்தில் அதே கடையில் அதே மூட்டையை இன்னொன்று வாங்கி, விதை போடாமல் மாடியில் கொட்டிக் காயவைத்தேன். மூன்று நாள் வெயிலில் 5 கிலோ 2 கிலோ 850 கிராமாகக் குறைந்தது. இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரை மண் விலைக்கு வாங்கியிருக்கிறேன். காய்ந்ததை மணல் சலிக்கும் கண்ணியில் சலித்தபோது ஏறத்தாழ 400 கிராம் சரளையும், 350 கிராம் நாரும் மட்டைத் துண்டுகளும், சாக்கு தைக்கும் பிளாஸ்டிக் நூலும், பாதி மக்கிய மரச்சீவலும் மேலே நின்றன. கீழே விழுந்தது கறுப்பான, மிக நைசான தூள். அப்போது அதைப் பார்த்து 'உரம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கறுப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

8 ஜூன் 2024

எந்த நிறுவனம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்லப் போவதில்லை. பயம் காரணமல்ல, சொல்வதால் பயன் இல்லை. அதே பெயரில் ஆறு மாதம் கழித்து வாங்கிய மூட்டை நன்றாக இருந்தது, வேறொரு பெயரில் வாங்கியது அதைவிட மோசமாக இருந்தது. இந்த மூட்டைகளில் பெரும்பகுதி தென்னை நார்க்கழிவு, அதாவது மட்டையிலிருந்து நார் பிரித்தபின் மிஞ்சும் தூள். அந்தந்த மாதம் எது மலிவாகக் கிடைத்ததோ அது உள்ளே போகிறது. மூட்டையின் மேல் உள்ள தக்காளிப் படம் மட்டும் மாறாமல் பழுத்துக்கொண்டே இருக்கிறது.

11 ஜூன் 2024

கேள்வி கேட்டவரின் நாற்றுகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது உப்பு. குடிநீர் வடிகட்டி பழுதுபார்க்க வருபவர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். பேனா ஒன்று போதும். ஒரு கிண்ணம் மண்ணை லேசாக அழுத்தி அளந்து, அதே கிண்ணத்தால் ஐந்து கிண்ணம் கேன் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரைமணி நேரம் கழித்துத் துணியில் வடித்து, வடித்த நீரில் பேனாவை வைக்க வேண்டும். தண்ணீருக்கே உரிய அளவைக் கழித்துவிட வேண்டும். என் கேன் தண்ணீர் 60 காட்டியது. மூட்டை மண்ணின் வடிநீர் 1,180 காட்டியது. பெரும்பாலான மலிவு விலைப் பேனாக்களில் அந்த எண்ணை 500ஆல் வகுத்தால் மின்கடத்துதிறன் டெசிசீமென்ஸ் கணக்கில் கிடைக்கும்; உப்பு கூடினால் இந்த எண்ணும் கூடும். ஆக இது 2.2க்கு மேல். நாற்றுக்கென்று கழுவி விற்கப்படும் தென்னை நார்க்கழிவில் 0.5க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பதே அந்த வியாபாரத்தில் எதிர்பார்ப்பு.

உப்பு எங்கிருந்து வருகிறது என்றால், தென்னை மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் இருக்கின்றன. அதோடு மட்டையை உவர்நீரில் ஊறவைத்து நார் பிரித்திருந்தால் அந்த உப்பும் சேர்ந்துகொள்கிறது. நல்ல ஆலைகள் நார்க்கழிவை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவுகின்றன; ஏற்றுமதிக்குப் போவதைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றுகின்றன. கழுவாததும் கழுவியதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

விதைக்கு என்ன ஆகிறது என்பதை ஊறுகாய் போடுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் துண்டிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது. உப்பு மண்ணில் கிடக்கும் விதையும் அதேபோல், சுற்றிலும் ஈரம் இருந்தும் நீரை உள்ளே இழுக்க முடியாமல் கிடக்கிறது. தப்பித்து முளைத்தாலும் வேர்நுனி கருகுகிறது. மிளகாய் இதில் தக்காளியைவிட மெலிந்த பயிர். உங்கள் தட்டில் மிளகாய் படுத்து, தக்காளி நோஞ்சானாகவேனும் எழுந்து நின்றதற்கு இது ஒரு விளக்கம்.

அதே மண்ணை இரண்டு முறை கேன் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு 340 காட்டியது. கழுவினால் சரியாகிவிடும்.

12 ஜூன் 2024

நேற்று எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. நான் சோதனைக்குக் கேன் தண்ணீரைப் பயன்படுத்தினேன். தட்டுக்கு எந்தத் தண்ணீரை ஊற்றினேன்? சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை. காலையில் எழுந்ததும் பேனாவை அதில் வைத்தேன்: 1,450.

மூட்டையிலிருந்து வடித்ததைவிட என் குழாய் நீர் உப்பு கூடியது. இந்த நீரில் நார்க்கழிவைக் கழுவுவது சேற்றுக் காலைச் சேற்றில் கழுவுவது போன்றது.

இன்னும் மோசமான செய்தி, 7ஆம் தேதி நான் பெருமையோடு எழுதிய ஒப்பீடும் இதனால் அடிபட்டுப் போகிறது. அந்த உடைந்த தொட்டி மாடிப்படி ஓரத்தில் இருந்தது. வீட்டில் அரிசி கழுவிய நீரை அதில்தான் ஊற்றுவார்கள். சமையலறைக்கு வருவது காவிரிக் கூட்டுக் குடிநீர். குழித்தட்டு மொட்டைமாடியில், ஆழ்துளைக் கிணற்றுக் குழாயின் கீழ் இருந்தது. ஆகவே 'மண் மட்டுமே வேறு' என்று எழுதியது தவறு, தண்ணீரும் வேறு. பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு காவிரி நீரால் நாற்று பிழைத்திருக்கிறது.

பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைப் பற்றி இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் குறித்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டது. எங்கள் தெருவின் உப்புக்குத் தோல் ஆலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பாறைக்குள் ஆழமாகப் போகிற ஆழ்துளைக் கிணறுகளில் இயற்கையாகவே உப்பும் கடினத்தன்மையும் கூடும். ஆனால் மூட்டையைத் திட்டுவதற்கு முன் குழாயில் ஒருமுறை பேனாவை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

12 ஜூன் 2024, மாலை

பேனா இல்லாதவர்கள் கேட்கிறார்கள். முள்ளங்கி விதை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் மூட்டை மண், இன்னொன்றில் நன்றாகக் கழுவிய ஆற்று மணல். இரண்டிலும் இருபது விதை. இரண்டுக்கும் ஒரே குடிநீர். மூன்று, நான்கு நாளில் முளைத்துவிடும். மணலில் பதினெட்டும் மண்ணில் எட்டும் வந்தால் அந்த மண்ணில் மிளகாய் விதைக்காதீர்கள். உப்பு, சாம்பல், அரைகுறை மக்கல் ஆகியவற்றில் எது காரணம் என்று முள்ளங்கி பிரித்துச் சொல்லாது. மண் ஆகாது என்பதை மட்டும் சொல்லும்.

16 ஜூன் 2024

கறுப்பைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

மண் கறுப்பாக இருந்தால் சத்தானது என்ற எண்ணம் நமக்குள் ஊறிப் போயிருக்கிறது. ஏரி வண்டல் கறுப்பு, மக்கிய எரு கறுப்பு, ஆகவே மூட்டை மண்ணும் கறுப்பாக இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர் எதிர்பார்க்கிறார். விற்கிறவர் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறார். நார்க்கழிவின் இயல்பான நிறம் பழுப்பு. அதைக் கறுப்பாக்க மலிவான வழி, அரிசி ஆலைக் கொதிகலனில் உமி எரிந்த சாம்பலைக் கலப்பது. ஆரணிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஆலைகளுக்கும் குறைவில்லை, சாம்பலுக்கும் குறைவில்லை.

என் மூட்டையிலிருந்து சலித்த கறுப்புத் தூளை விரலிடுக்கில் தேய்த்தால் மக்கிய எருவைப்போல் வழவழப்பாக இல்லை. நறநறவென்று இருந்தது, விரலில் கரிக்கோடு விழுந்தது. வீட்டில் இருக்கும் பொருளாலேயே இதைச் சோதிக்கலாம். மண்ணைச் சிறிது நீரில் கலக்கி வடித்து, அந்த நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டேன். நீர் ஆரத்தித் தட்டுப்போலச் சிவந்துவிட்டது. ஆரத்திக்குச் சுண்ணாம்பு என்ன செய்கிறதோ அதையே இங்கே சாம்பல் செய்தது, இரண்டும் காரம். நார்க்கழிவு தானாக இருந்தால் சற்று அமிலப் பக்கம், பி.எச். (7க்குக் கீழ் அமிலம், மேல் காரம்) 5.5 முதல் 6.5 வரை இருக்கும், மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

காரம் கூடினால் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. புதிதாக வரும் இலை நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் வெளுத்து வரும். கேள்வி கேட்டவரே, உங்கள் தக்காளியில் புது இலையே வரவில்லை என்கிறீர்கள்; ஆகவே அந்த வெளிறலுக்குக் காரணம் இதுவாக இருக்காது.

17 ஜூன் 2024

மஞ்சள் சோதனை பற்றி ஒரு திருத்தம். சிவந்தால் காரம் நிச்சயம். சிவக்காவிட்டால் மண் நல்லது என்று பொருளல்ல. மஞ்சள் நன்றாக நிறம் மாறுவதற்குக் காரம் கணிசமாக இருக்க வேண்டும்; 7.5 அளவில் இருக்கும் மண்ணை அது காட்டிக்கொடுக்காமல் விட்டுவிடும். செம்பருத்திப் பூவைக் கொதிநீரில் ஊறவைத்த சாறு இதைவிட நுட்பமாகக் காட்டும். அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். பள்ளியில் செய்த சோதனைதான்.

உமிக்கரியும் உமிச்சாம்பலும் ஒன்றா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. காற்றுக் குறைவாகக் கருக்கிய கறுப்பு உமி, உருக்குலையாமல், மண்ணுக்குள் காற்றுக்கு இடம்விட்டு நிற்கும். அதை அளவாகச் சேர்ப்பது நல்லது. முழுக்க எரிந்து பொடியான சாம்பல் குழியை அடைத்துக்கொள்ளும், காரத்தையும் ஏற்றும். பாட்டி பல் துலக்கியது முதலாவதால்.

23 ஜூன் 2024

மூன்றாவது கோளாறு அரைகுறை மக்கல். என் பார்வையில் உப்பைவிட இதுதான் பரவலானது.

பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான (நைட்ரஜன்) விகிதம் நூறுக்கு மேல் இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில், ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து மக்கவைத்தால், அந்த விகிதம் ஏறத்தாழ 24க்கு இறங்குகிறது. அதற்கு இரண்டு மாதம் போல ஆகும். இரண்டு மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதற்குப் பொறுமை இல்லாதவர்கள், மரச்சீவலையும் பச்சை நார்க்கழிவையும் காயாத சாணத்தையும் கலந்து அப்படியே மூட்டை கட்டிவிடுகிறார்கள். மக்கல் வேலை மூட்டைக்குள்ளும், பிறகு நம் தட்டிலும் நடக்கிறது. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். அவை நாற்றுக்கு முன் பந்தியில் உட்கார்ந்துவிடுகின்றன. விதையில் இருந்த கையிருப்பு தீர்ந்ததும் நாற்று அப்படியே வெளிறி நிற்கிறது. உங்கள் தக்காளியின் கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு பிடி மண்ணை நனைத்து, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மூன்று நாள் நிழலில் வைத்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். முதல் மழைக்குப் பிந்தைய மண் வாசனை வந்தால் மக்கிவிட்டது. மூக்கைக் குத்தும் மூத்திர நெடியோ, அழுகிய நாற்றமோ வந்தால் இன்னும் இரண்டு மாதம் மூலையில் போட்டுவையுங்கள். பிரிக்கும்போதே மூட்டை உள்ளே சூடாக இருந்தாலும் அதே தீர்ப்பு.

காளான் முளைத்திருக்கிறது, விஷமா என்று கேட்டவருக்கு: நாற்றை அது ஒன்றும் செய்யாது. மட்டையும் மரமும் இன்னும் மக்கிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அது சாட்சி, அவ்வளவே. சமைத்துப் பார்க்க வேண்டாம்.

வெள்ளைக் குண்டுப்புழு இருந்தது என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தென்னந்தோப்புகள் நிறைந்த பகுதியில் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். மக்கும் எருக்குழியில்தான் அது வளரும். பொறுக்கி அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வளர்ந்து பக்கத்துத் தோப்பின் குருத்தைத் தின்னப் போகும். எனக்கு வந்த மூட்டையில் புழு இல்லை, கோரைக்கிழங்கு இருந்தது. புழுவாவது ஒருநாள் வண்டாகிப் பறந்து போயிருக்கும்.

24 ஜூன் 2024

சாய்ந்த ஏழு நாற்றுகளைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அடித்தண்டு கருத்து, நூல்போல் இளைத்து, தலை பச்சையாக இருக்கும்போதே விழுவது நாற்றழுகல். பெரும்பாலும் பித்தியம் என்ற, பூஞ்சையைப் போன்ற நுண்ணுயிர் செய்கிற வேலை. மூட்டையில் வந்திருக்கலாம், பழைய தட்டில் ஒட்டியிருந்திருக்கலாம், தண்ணீரிலும் வந்திருக்கலாம்.

முதலில் இதையும் மூட்டைக் கணக்கில் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நான் வாங்கிய அதே மூட்டையில் பாதியை எதிர்வீட்டு அம்மாவுக்குக் கொடுத்திருந்தேன். அவருக்கும் முளைப்பு குறைவுதான், ஆனால் முளைத்ததில் ஒன்றுகூடச் சாயவில்லை. அவர் காலையில் ஒரு வேளை, மேல்மண் வெளுத்த பிறகே தண்ணீர் தெளித்தார். நானோ காலையும் மாலையும் பூவாளியோடு ஏறி, முளைப்புக்காகப் போர்த்திய ஈரச் சாக்கை முளை தெரிந்த பிறகும் மூன்று நாள் எடுக்காமல் விட்டிருந்தேன். என் தட்டில் சாய்ந்தவை பாசத்தால் அழுகிய நாற்றுகள்.

விதை நேர்த்திக்கு, நோயை அடக்கும் நுண்ணுயிர்ப் பொடிகளான ட்ரைக்கோடெர்மா விரிடி கிலோ விதைக்கு 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்பது பரிந்துரை. நம் கையில் இருப்பது ஒரு சிட்டிகை விதை. காகிதத்தில் விதையோடு ஒரு சிட்டிகை பொடியைப் போட்டுக் குலுக்கினால் போதும். ஆனால் சாக்கை எடுக்காமல் விட்டால் எந்தப் பொடியும் காப்பாற்றாது.

30 ஜூன் 2024

'எல்லாச் சத்துகளும் நிறைந்தது' என்ற வரியைப் பற்றி. விதைக்கு முதல் பத்து நாள் வெளிச் சத்தே தேவையில்லை. விதைக்குள்ளேயே கட்டுச்சோறு இருக்கிறது. அதற்கு வேண்டியது ஈரமும் காற்றும் தூய்மையும். சத்து நிறைந்தது என்றால் கரையும் உப்பும் நிறைந்தது என்று பொருள். மாட்டெருவும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி சேர்ந்த மண், வளர்ந்த செடிக்கு விருந்து. மிளகாய் விதைக்கு ஊறுகாய் ஜாடி.

அரசு அளவுகோலைப் பார்த்தாலும் இது விளங்கும். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கழிவு உரத்துக்கு வகுத்திருக்கும் தரம்: ஈரம் 15 முதல் 25 விழுக்காடு, கரிம தழைச்சத்து விகிதம் 20க்குக் கீழ், பி.எச். 6.5 முதல் 7.5, மின்கடத்துதிறன் 4க்கு மிகாமல். வயலில் மண்ணோடு கலந்து சிதறிவிடும் உரத்துக்கு 4 ஏற்கத்தக்கது. அதே உரத்தைக் குழித்தட்டில் தனியாக நிரப்பினால் விதை தாங்காது. அதாவது, சட்டப்படி முற்றிலும் சரியான உரமும் நாற்றுக்குத் தவறான மண்ணாக இருக்க முடியும். என் மூட்டையில் ஈரம் மட்டுமே 43 விழுக்காடு இருந்தது. அது உரம் என்ற பெயரில் விற்கப்படாததால் அந்த ஆணையைக் காட்டிக் கேட்கவும் முடியாது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் தெரிவிக்க வேண்டிய முகவரி ஆகியவை பொட்டலத்தில் இருந்தாக வேண்டும். என் மூட்டையில் மாதம் இருந்த இடத்தில் மை கலைந்திருந்தது. எடைக்கு வாங்காமல் லிட்டர் கணக்கில் விற்பவரிடம் வாங்கினால் தண்ணீருக்குக் காசு கொடுப்பதாவது மிச்சமாகும்.

4 ஜூலை 2024

செம்மண் தொட்டியில் நன்றாக வந்தது என்று எழுதினேனே, அதைப் படித்துவிட்டு ஒருவர் குழித்தட்டு முழுக்கச் செம்மண்ணை நிரப்பி, அது செங்கல்லாக இறுகிவிட்டது என்று என்னைத் திட்டியிருக்கிறார். திட்டு நியாயமானது.

ஆழமான தொட்டிக்கும் ஒன்றரை அங்குலக் குழிக்கும் ஒரே மண் ஒத்துவராது. துவைத்த துண்டைக் கொடியில் அகலவாக்கில் போட்டால் அடி விளிம்பில் ஈரம் தேங்கிச் சொட்டாமல் நிற்கும். அதையே நீளவாக்கில் தொங்கவிட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வடிந்துவிடும். மண்ணும் அப்படித்தான். உயரம் குறையக் குறைய, துளை இருந்தாலும், வடியாமல் நிற்கும் நீரின் பங்கு கூடும். குழியில் செம்மண் நனைந்தால் காற்றில்லாத சேறு, காய்ந்தால் ஓடு. மூட்டை மண்ணில் இருந்த நைசான சாம்பலும் இதே காரியத்தைத்தான் செய்தது. சலிக்கும்போது நாம் பெரிதாக நிற்பதைக் குறை சொல்கிறோம். அடியில் விழுகிற மாவுதான் பெரிய எதிரி.

7 ஜூலை 2024

இப்போது நான் பயன்படுத்துவதைப் பலர் கேட்டதால் எழுதுகிறேன்.

குழித்தட்டு நாற்றங்காலுக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, 300 கிலோ நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் ஒவ்வொரு கிலோ; ஒரு தட்டுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ கலவை. வீட்டுக் கணக்கில் 3 கிலோவுக்கு 50 கிராம் புண்ணாக்கும் பத்துப் பத்து கிராம் நுண்ணுயிர் உரமும் வரும். இரண்டு தட்டு நிரம்பி மீதியும் இருக்கும். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நுண்ணுயிர் உரம் வாங்க நினைப்பவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

நார்க்கழிவைக் கட்டியாக வாங்குகிறேன், கலவையாக வாங்குவதில்லை. கட்டியில் ஏமாற்றுவதற்கு இடம் குறைவு: தண்ணீர் கலக்க முடியாது, சாம்பல் கலந்தால் நிறம் காட்டிவிடும். குடிநீர்க் குழாய் நீரில் ஊறவைத்து, பேனா 250க்குக் கீழ் வரும்வரை பிழிந்து மாற்றுகிறேன். என் கட்டிக்கு மூன்று முறை ஆயிற்று. குடிநீரை இப்படிச் செலவழிப்பது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. பிழிந்த நீரை வாழைக்கு ஊற்றுகிறேன், அதற்குப் பொட்டாசியம் பிடிக்கும். மழை பெய்யும் நாளில் கழுவினால் இந்த உறுத்தலும் இல்லை.

வெர்மிகுலைட் சேர்க்கலாமா என்றால் சேர்க்கலாம், கட்டாயமில்லை. சூடாக்கினால் அத்திப்பூவைப்போல் பொரிந்து விரியும் அந்தக் கனிமத்தைத் திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டி எடுக்கிறது. பழைய வட ஆர்க்காட்டு மண்ணிலேயே கிடைக்கும் பொருளைப் பளபளப்பான பொட்டலத்தில் இணையவழியில் வரவழைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

8 ஜூலை 2024

மேலே 'அத்திப்பூவைப்போல்' என்று எழுதியிருக்கிறேன். அத்திப்பூவை யார் பார்த்தார்கள்? சோளப்பொரிபோல் என்று திருத்திப் படியுங்கள்.

14 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் விரிவாக எழுதியிருக்கிறார். நான் சொன்னபடி கட்டி நார்க்கழிவைக் கழுவி, குடிநீர் ஊற்றி, அதே பொட்டலத்து மிளகாய் விதையில் 40ஐ மறுபடி ஊன்றினார். 9 முளைத்தன. நாற்றுகள் திடமாக இருக்கின்றன, ஒன்றும் சாயவில்லை, ஆனால் 9தான்.

பிறகுதான் ஈரத்துணியில் இருபது விதையை மடித்துவைத்துப் பார்த்திருக்கிறார். 12 நாளில் 5 முளைத்தன. பொட்டலத்தின் பின்புறத்தைப் பார்த்தால் சோதனை நாள் 2021. மிளகாய் விதைக்கு வேலூர் வெயிலில் அலமாரியில் மூன்று ஆண்டு என்பது மூன்று ஆயுள்.

இந்த இழையின் முதல் வரியாக நான் எழுதியது 'விதையின் மேல் பழி போடாதீர்கள்'. அதை அழிக்காமல் விட்டுவைக்கிறேன், கீழே இதையும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில். ஈரத்துணிச் சோதனையை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன்: இந்திய விதைத் தரத்தின்படி மிளகாய்க்குக் குறைந்தபட்ச முளைப்பு 60 விழுக்காடு, தக்காளிக்கும் கத்தரிக்கும் 70. ஆக அவர் ஊன்றிய 60 மிளகாய் விதைகளில் 36 முளைத்திருந்தாலே பொட்டலம் தன் கடமையைச் செய்துவிட்டது.

மேலும் அவர் முதலில் விதைத்தது மே மாதம், கறுப்புத் தட்டில், நிழல்வலை இல்லாத மொட்டைமாடியில். வெயிலூர் என்று நம் ஊரை வெளியூர்க்காரர்கள் கேலி செய்வது சும்மா அல்ல. மிளகாய் விதை 25 முதல் 30 பாகைக்குள் முளைப்பதையே விரும்பும். கத்திரி வெயிலில் அந்தக் குழிக்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கவே சுடுகிறது.

அப்படியானால் மூட்டை நிரபராதியா? இல்லை. அவரிடம் மீந்திருந்த மூட்டை மண்ணில் முள்ளங்கி இருபதுக்கு ஆறுதான் வந்தது, மணலில் பத்தொன்பது. தக்காளியின் வெளிறலுக்கும் மூட்டையே பொறுப்பு. கழுவிய நார்க்கழிவுக்கு மாற்றி நட்ட நாற்றுகள் நீர்த்த பஞ்சகவ்யம் ஒருமுறை தெளித்ததும் பச்சை பிடித்துவிட்டன.

19 ஜூலை 2024

ஆடி பிறந்துவிட்டது. நேற்று விதைத்தேன்: ஒரு தட்டு இலவம்பாடிக் கத்தரி, ஒரு தட்டு மிளகாய். மிளகாய் விதையின் சோதனை நாள் இவ்வாண்டு மார்ச். இரண்டு தட்டையும் அடுக்கிப் பாலித்தீனால் போர்த்தியிருக்கிறேன். கத்தரிக்கு ஆறாம் நாள் எழுப்பச் சொல்லி அலைபேசியில் மணி வைத்திருக்கிறேன். இந்த முறை போர்வையை எடுக்க மறக்க மாட்டேன்.

மூன்றாவதாக ஒரு கால் தட்டில், பழைய மூட்டை மண்ணைக் குடிநீரில் மூன்று முறை கழுவி நிரப்பி, அதே கத்தரியில் 24 விதை ஊன்றியிருக்கிறேன். மூட்டையையும் ஒருமுறை நேர்மையாக விசாரிக்க வேண்டும் அல்லவா.

2 ஆகஸ்ட் 2024

கத்தரி 98க்கு 84. மிளகாய் 98க்கு 71. கழுவிய மூட்டை மண்ணில் 24க்கு 17.

பதினேழு என்னை வியக்கவைத்தது. முளைப்பில் பெரும் குற்றவாளி உப்புதான் என்பது இப்போது தெளிவு. கழுவியதும் பாதிக்கு மேல் குறை தீர்ந்தது. ஆனால் அந்தப் பதினேழும் மற்றத் தட்டில் உள்ளவற்றைவிடப் பாதி உயரம், புது இலை நரம்பு மட்டும் பச்சை. சாம்பலின் காரம் தண்ணீரோடு போகவில்லை.

21 ஆகஸ்ட் 2024

கத்தரி நாற்று 81ஐப் பிரித்தாயிற்று. 20 மாடிக்கு, 15 எதிர்வீட்டு அம்மாவுக்கு, மீதியை விதை கொடுத்த அணைக்கட்டு விவசாயிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு நாற்றைக் குழியிலிருந்து உருவி, வெள்ளை வேர் பின்னியிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன மண் என்று கேட்டார். இரண்டரை மாதமாக இங்கே எழுதியதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, அவர்கள் வீட்டில் வரப்போரம் மேட்டுப்பாத்தி போட்டு, சலித்த எருவும் மணலும் தூவி, கிணற்று நீரைத் தெளித்து விதைப்பதாகவும், எண்ணிப் பார்க்கும் வழக்கம் இல்லை என்றும் சொன்னார். புறப்படும்போது அந்தக் கிணற்று நீரில் பேனாவை வைத்தேன்: 410.

மூட்டையில் மீந்திருந்த மண்ணைத் தென்னைமரத்து வட்டப்பாத்தியில் கொட்டிவிட்டேன். கோரை முளைத்திருக்கிறது.